சொகுசாக

அரையாண்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு
தர்மபுரியில் ஏறினேன். பாலக்கோடு போவதற்குள்
திருத்தி முடிக்க வேண்டும்.
எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு, முப்பத்தேழு தாள்.
பதினாறாம் வினா:
சொகுசாக – இவ்வினையடையைத்
தொடரில் அமைத்து எழுதுக.
இரண்டு மதிப்பெண்.

வினா என்னுடையது. விடைக்குறிப்பும்.
'அரசர் மாளிகையில் சொகுசாக வாழ்ந்தார்.'
எந்த அரசர் என்று எனக்கே தெரியாது.
நான் குடியிருப்பது அதியமான்கோட்டையில்.
பேரில்தான் கோட்டை,
மாடிப்படிக்கு அடியில் சமையல்,
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு வாடகை.

பதினோரு பேர்
பணக்காரர்களைச் சொகுசாக வாழ வைத்திருந்தார்கள்.
பதினோரு பேருக்கும் 'பணக்காறர்கள்'.
யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று தேடவில்லை,
முதல் பெஞ்சாகத்தான் இருக்கும்.

இர்பான் எழுதியிருக்கிறான்:
'சொகுசாக என்பது ஒரு பஸ்.'
சிரித்துக்கொண்டே சுழி போட்டேன்.
நடத்துநர் வந்து மூன்று ரூபாய் சேர்த்துக் கேட்டார்.
ஏன் என்றேன்.
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினார்:
சொகுசுப் பேருந்து.
என் பக்கத்து ஜன்னலைக்
கயிற்றால் கட்டியிருந்தார்கள்.
இர்பானுக்கு அரை மதிப்பெண் சேர்த்தேன்.

தீர்த்தகிரி ஒரு தொடர் கேட்டால்
இரண்டு எழுதுகிறவன்.
'கிலோ நூறு ரூபாய் விற்றபோது
எங்கள் தக்காளி லாரியில் சொகுசாக போனது.
இரண்டு ரூபாய் விற்றபோது
ரோட்டிலேயே கொட்டிவிட்டு
அப்பா நடந்து வந்தார்.'
வினையடையை அடுத்து வல்லினம் மிகும்,
'சொகுசாகப் போனது' என்று வர வேண்டும்.
விட்டுப்போன ஒற்றைச் சிவப்பில் போட்டேன்.
மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே அப்போது
காலி டிரே அடுக்கிய வண்டி ஒன்று
எங்களை முந்திக்கொண்டு போனது.

இருபத்தொன்பதாம் தாள், மா. வினோதினி.
'பெங்களூரிலிருந்து வந்த அம்மா
யாரும் இல்லாத வீட்டில்
கதவைச் சாத்திக்கொண்டு
சொகுசாக அழுதாள்.'

கை பழக்கத்தில் அடிக்கோடு போட்டுவிட்டது.
ஓரத்தில் 'பொருட்பிழை' என்றும் எழுதிவிட்டேன்.
பள்ளத்தில் பேருந்து இறங்கியதில்
கோடு கோணலாகி
'அம்மா' வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

பையில் அகராதி இருக்கிறது.
சொகுசு: சுகம், வசதி, மிதப்பு, பகட்டு.
விம்மி அழலாம், தேம்பி அழலாம்,
குலுங்கிக் குலுங்கி அழலாம்.
சொகுசாக உண்ணலாம், உறங்கலாம்,
சாய்ந்து உட்காரலாம்.
இந்த அடையை அந்த வினையோடு
எவரும் சேர்த்ததாக நினைவில்லை.

அவள் அம்மாவை ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோது.
நகக்கண்ணில் சிமெண்ட்.
கட்டடம் எழும்பும் இடத்திலேயே தகரக் கொட்டகை,
ஒரு அறைக்கு எட்டுப் பேர் என்றாள்.
பிள்ளைக்கு அங்கே படிக்க இடமில்லை என்று
அவளே முடிவெடுத்து
சான்றிதழ் வாங்காமல் திரும்பிப் போனாள்.

எட்டுப் பேர் இருக்கும் அறையில்
எப்படி அழுவது?
தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில்
கொஞ்சம் முடியும்.
மிக்சர் ஓடும்போது முடியும்.
எனக்கு,
இந்தப் பேருந்தில் முந்தானையால் முகம் மூடித்
தூங்குவதுபோல் இருந்தால் முடியும்,
பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்.
ஆடி மாதத்திலிருந்து அப்படித்தான்.

சர்க்கரை ஆலை நிறுத்தத்தில் நாலு பேர் ஏறினார்கள்.
தாளைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டேன்,
யாருடையதோ கடிதம் போல.

சிவப்பு மை அழியாது.
'பொருட்பிழை'யைக் குறுக்கே அடித்து
பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன்.
இரண்டுக்கு இரண்டு.
பிறகும் ஒருமுறை சரிபார்த்தேன்,
ஒற்று ஏதும் விட்டிருக்கிறாளா என்று.
இல்லை. அழுதாள் என்பது
உயிரெழுத்தில் தொடங்கும் சொல்.
சொகுசாக என்பதற்கும் அதற்கும் நடுவே
எதுவும் வராது.

எட்டுத் தாள் பாக்கி இருக்கிறது.
பாலக்கோடு வந்துவிட்டது என்கிறார் நடத்துநர்.